முதல் கோழி அடிக்கிறவர்களுக்கு

ஐப்பசியில் பொரித்த குஞ்சு சித்திரைக்குச் சேவலாகி நிற்கும். ஒரே முற்றத்தில் நாலு சேவல் இருந்தால் பெட்டைக்கோழி முதுகில் மயிர் தங்காது. சேவலும் சேவலும் கொத்திக்கொண்டு கொண்டை கிழிந்து திரியும். புதிதாகக் கோழி வளர்க்கிறவர்கள் என்னைத் தேடி வருவது அந்தச் சமயத்தில்தான். மதுரைக்குள் மாடியில் வளர்க்கிறவர்கள், நாகமலைப் பக்கம் இடம் வாங்கித் தோட்டம் போட்டவர்கள் என்று எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "வளர்த்துட்டோம்க்கா, அடிக்கத்தான் தெரியல."

கறிக்கடையில் கொடுத்தால் பல இடங்களில் தோலை உரித்துக் கொடுத்துவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஆறு மாதம் கம்பும் சோளமும் போட்டு, கீரியிடமிருந்தும் பருந்திடமிருந்தும் காப்பாற்றி வளர்த்த கோழிக்கு ருசியே தோலில்தான் இருக்கிறது. குழம்பில் மிதக்கிற மஞ்சள் நெய் அந்தத் தோலுக்கு அடியிலிருந்து வருவது. அதை உரித்து எறியக் கூடாது. கோழி பதறக் கூடாது, தோல் கிழியக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

நான் செக்கானூரணிப் பக்கம். எங்கள் வீட்டில் இருப்பது சிறுவிடை, நாட்டுக்கோழியில் சின்ன வகை. பெரிய வகையான பெருவிடைக்கும் முறை இதேதான், தண்ணீரும் நேரமும் கொஞ்சம் கூடும்.

முதல் தடவைக்கு ஐந்து, ஆறு மாதச் சேவலை எடுங்கள். கைக்கு அடங்கும், கறியும் சீக்கிரம் வேகும். முட்டை விட்டு ஓய்ந்த கிழட்டுப் பெட்டை சாறு வைக்க நல்லது, ஆனால் இறகு இறுகிப் பிடித்திருக்கும், பழகின கைக்கே நேரம் எடுக்கும். இன்னொன்றும் பார்க்க வேண்டும். நெஞ்சுப் பக்கம் இறகை ஊதி விலக்குங்கள். தோலில் கறுப்பாக முள் முள்ளாகக் குருத்து இறகு முளைத்து வந்தால் கோழி இறகு உதிர்த்துப் புதுசு போடுகிறது என்று அர்த்தம். அதை ஒரு மாதம் விட்டுவிடுங்கள். அந்தக் குருத்தை ஒவ்வொன்றாக நகத்தால் பிடுங்குவதற்குள் வெயில் ஏறிவிடும்.

தூங்கி வழிகிற கோழி, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிகிற கோழி, மூச்சு இழுக்கிற கோழி எதையும் அடிக்காதீர்கள். "சாகுமுன்னே அடிச்சிருவோம்" என்கிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதை நான் ஒரு நாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெள்ளைக்கழிச்சல் மனுசருக்குக் கண் சிவப்பைக் கொண்டுவரும், பறவைக் காய்ச்சல் உயிருக்கே ஆபத்து. இறகு பிடுங்கும்போதும் வயிற்றைத் திறக்கும்போதும்தான் அந்தக் கிருமி கைக்கும் மூக்குக்கும் வருகிறது. திடீரென்று இரண்டு மூன்று கோழி செத்தால் கையால் தொடாமல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள். மருந்து கொடுத்த கோழியாக இருந்தால் எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கு மருந்து அந்தக் கணக்கு மாறும்.

திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் திருவிழாவில் நேர்த்திக்கு வந்த ஆடும் கோழியும் விடிய விடிய அண்டாவில் பிரியாணியாகும். அங்கே ஊரே கை கொடுக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு கைதான். அதனால் முதல் தடவை ஒரு கோழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முந்தின நாள்

சாயங்காலம் கோழி அடைய வரும்போதே அதைப் பிடித்துத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். காலையில் துரத்திப் பிடிப்பது வேண்டாம். ஓடி ஓடி இளைத்த கோழி சிறகை அடித்துச் சதை கன்றிப்போகும், கறியும் முறுகிப்போகும். இருட்டில் பிடித்தால் சத்தமே வராது. இரவு முழுக்கத் தீனி கிடையாது, தண்ணீர் மட்டும் உண்டு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வயிறு காய்ந்தால் தொண்டைக்குக் கீழே இருக்கிற தீனிப்பை காலியாகும், குடலும் இளைக்கும். தீனிப்பை முட்ட முட்டத் தின்ற கோழியை அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் கறிமேல் கொட்டும்.

கத்தியைத் தீட்டி வைப்பதும் முந்தின நாள் வேலைதான். கழுத்துக்கு ஒரு சின்னக் கத்தி, துண்டு போட அருவாமனை. கழுத்துக் கத்தியில் ஒரு தாளைத் தொங்கவிட்டு இழுத்தால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். மொட்டைக் கத்தியோடு கோழிப் பக்கம் போகாதீர்கள். நீங்கள் வளர்த்த உயிருக்குக் கடைசியாகச் செய்கிற மரியாதை அந்தக் கூர்தான்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஏழு மணிக்கே ஈ மொய்த்துவிடும். ஐந்தரைக்குத் தொடங்கினால் ஏழுக்குள் அடுப்பில் ஏற்றலாம்.

அறுப்பது

மற்றக் கோழிகள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளிச் செய்யுங்கள். கோழியின் தலையில் ஒரு துண்டை லேசாகப் போர்த்தினால் இருட்டென்று நினைத்து அடங்கிவிடும். பழைய ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனின் அடியை வெட்டி எடுத்து, வாய்ப்பக்கத்தையும் தலை நுழையும் அளவுக்குப் பெரிசாக்கி, அதைக் கவிழ்த்து மரத்தில் ஆணி அடித்துக் கட்டிவிட்டால் ஆள் துணையே வேண்டாம். தலை கீழே வரும்படி கோழியை உள்ளே இறக்கினால் சிறகை விரிக்க முடியாது, அடங்கி இருக்கும். பெருவிடைச் சேவலுக்கு இன்னும் பெரிய கேன் வேண்டும். கேன் இல்லையென்றால் ஒருத்தர் இரண்டு காலையும் சிறகையும் சேர்த்துப் பிடிக்க, இன்னொருத்தர் அறுக்கலாம்.

இடது கையால் தலையைப் பிடித்துக் கழுத்தை லேசாக நீட்டுங்கள். தாடைக்குச் சற்றுக் கீழே, காது மடலுக்கு அடியில் இறகை விலக்கினால் தோல் தெரியும். அங்கே அழுத்தி ஒரே இழுப்பு, அப்புறம் மறுபக்கமும் அப்படியே. இரண்டு பக்கத்து ரத்தக்குழாயும் அறுபட்டால் ரத்தம் நூலாக ஓடும், கோழி சில நொடியில் நினைவிழந்துவிடும். அதற்கப்புறம் கால் உதறும், உடம்பு துடிக்கும். அது நரம்பு துள்ளுவது, பயந்து விட்டுவிடாதீர்கள். மூன்று நிமிடமாவது ரத்தம் முழுக்க வடியட்டும். சிலர் கழுத்தைத் திருகுவார்கள். ரத்தம் உள்ளேயே தங்குவதால் கறி கறுக்கும், கவிச்சியும் கூடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

மூச்சும் துடிப்பும் சுத்தமாக நின்ற பிறகுதான் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும். அவசரப்பட்டு உயிரோடு முக்குவது பெரிய பாவம்.

தண்ணீர்ப் பதம்

புதுசாகச் செய்கிறவர்களுக்குத் தோல் கிழிவது இந்த இடத்தில்தான். அடுப்பில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை அப்படியே கோழிமேல் ஊற்றுகிறார்கள். தோல் வெந்துவிடும். வெந்த தோலில் இறகைப் பிடித்து இழுத்தால் இறகோடு தோலும் வரும், முதலில் போவது நெஞ்சுத் தோல். தண்ணீர் ஆறிப்போயிருந்தாலோ இறகு அசையாது. பலம் கொடுத்து இழுப்பீர்கள், அப்போதும் தோல்தான் கிழியும்.

வேண்டிய சூடு 60 முதல் 65 டிகிரி. அதற்குக் கருவி வேண்டியதில்லை. கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு, கணக்கு அவ்வளவுதான். கொதிநீர் 100 டிகிரி, நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 30. சமமாகக் கலந்தால் 65 வரும். மாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் தானே சுடும் என்பதால் அதைக் கொஞ்சம் கூடச் சேர்க்கலாம். ஒன்றரைக் கிலோ சேவலுக்கு ஐந்து லிட்டர் கொதிநீரும் ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரும் போதும். அகலம் குறைந்த உயரமான வாளியாக இருந்தால் கோழி முழுசாக முங்கும். பாத்திரத்தில் தண்ணீர் குறைவாக இருந்தால் கோழி உள்ளே போனதுமே சூடு இறங்கிவிடும். அப்பத்தா ஒரு விரலை முக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு தடவ பொறுக்கணும், ரெண்டாந்தடவ பொறுக்கக் கூடாது, அம்புட்டுத்தான்" என்று சொல்லும். நீங்கள் விரலை விடவேண்டாம், பங்குக் கணக்கே போதும்.

இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாக முக்கி, மேலும் கீழும் ஆட்டுங்கள். கோழி இறகில் எண்ணெய்ப்பசை உண்டு, தண்ணீர் ஒட்டாமல் வழுக்கிப் போகும். ஆட்டினால்தான் அடித்தோல் வரை நனையும். சிறகு இடுக்கில் கரண்டிக் காம்பால் விலக்கி விடுங்கள். இளம் சேவலுக்கு முக்கால் நிமிடம், முற்றினதுக்கு ஒரு நிமிடம், அதற்கு மேல் கொஞ்சம். முப்பது நொடி ஆனதும் சிறகின் நீள இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் பதம். கால் செதிலை நகத்தால் தள்ளினால் உறை மாதிரி கழன்று வருவதும் அதே பதம்தான். வந்ததும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும், "இன்னும் கொஞ்சம்" என்று விட்டு வைக்காதீர்கள்.

இறகு

முதலில் சிறகு, வாலின் நீள இறகு. சூடு ஆற ஆற அவை மறுபடி இறுகிவிடும். ஒவ்வொன்றாக, முளைத்த திசையிலேயே நேராக இழுங்கள். அப்புறம் கால், முதுகு, கழுத்து. தொடை உள்பக்கமும் நெஞ்சும் தோல் மெல்லிசு. அங்கே ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் சின்னச் சின்னக் கொத்தாக எடுங்கள். கை வழுக்கினால் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரு கோழிக்கு முதல் தடவை அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பாதியில் இறகு மறுபடி பிடிவாதம் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் சுடுதண்ணீர் ஒரு செம்பு ஊற்றலாம்.

பொங்கு என்கிற பஞ்சு இறகெல்லாம் எடுத்த பிறகும் முடி முடியாக மெல்லிசாக நிற்கும். அதற்குத்தான் வாட்டுவது. வைக்கோல், காய்ந்த பனையோலை, சோளத்தட்டை எதுவானாலும் சரி, புகை இல்லாமல் எரிய வேண்டும். கால் ஒரு கையில், கழுத்து ஒரு கையில் பிடித்துத் தீ நாக்கில் திருப்பிக்கொண்டே போங்கள். முடி சுருண்டு கருகும், தோல் இறுகி லேசாக மஞ்சளாகும். அங்கேயே நிறுத்த வேண்டும். கொழுப்பு உருகிச் சொட்டினால் கூடிப்போய்விட்டது. மாடி வீட்டில் கேஸ் அடுப்புத் தீயிலும் வாட்டலாம், வாசம் மட்டும் அந்த அளவுக்கு வராது. பிளாஸ்டிக், டயர், மண்ணெண்ணெய் விட்ட துணி எதையும் இதற்கு எரிக்கக் கூடாது. புகையிலுள்ள நஞ்சு தோலில் படியும், நாம் சாப்பிடப்போவது அந்தத் தோலை.

வாட்டிய சூட்டோடு மஞ்சளை உடம்பு முழுக்கத் தேய்க்க வேண்டும். விரலி மஞ்சளை உரசி எடுத்தால் நல்லது, தூளில் நல்லெண்ணெய் நாலு சொட்டு விட்டுக் குழைத்தாலும் போதும். கருகின முடி அதோடு சுரண்டி வந்துவிடும், கவிச்சி போகும். கத்தியின் முதுகால் ஒருமுறை வழித்து நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

வயிற்றுக்குள்ளே

முழங்கால் மூட்டை மடக்கிப் பார்த்தால் இரண்டு எலும்புக்கு நடுவே பள்ளம் தெரியும். கத்தி அதில் விட்டால் பாதம் தானே கழன்று வரும், எலும்பை வெட்ட வேண்டியதில்லை. தலையை எடுங்கள். வாலுக்கு மேலே பட்டாணி அளவில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். அதைச் சுற்றியுள்ள மஞ்சள் கொழுப்போடு தோண்டி எடுத்துவிடுங்கள், விட்டால் குழம்பில் ஒரு வாடை அடிக்கும்.

கழுத்துத் தோலைப் பின்பக்கம் கீறி விலக்குங்கள். நெஞ்சு ஆரம்பிக்கிற இடத்தில் தீனிப்பை ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் சுற்றித் தளர்த்தி, மூச்சுக்குழலையும் தீனிக்குழலையும் பிரித்துவிடுங்கள். இப்படிச் செய்தால் பின்னால் இழுக்கும்போது எல்லாம் ஒன்றாக வரும்.

அப்புறம் கோழியை மல்லாத்துங்கள். நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கும் ஆசனவாய்க்கும் நடுவே மெத்தென்று இருக்கும் இடத்தில் குறுக்காக ஒரு கீறல். தோலும் அடியில் மெல்லிய சவ்வும் மட்டும் அறுபட வேண்டும், கத்தி ஆழமாகப் போகக் கூடாது. கத்தியை வைத்துவிட்டு விரலை விடுங்கள். இனிமேல் வேலை விரலுக்குத்தான். நெஞ்செலும்பின் அடியை ஒட்டி விரலை உள்ளே நகர்த்தி, இரண்டு பக்கமும் சவ்வைத் தளர்த்துங்கள். கெட்டியாக உருண்டையாக ஒன்று கையில் படும், தீனியை அரைக்கிற கல்பை அது. அதைப் பிடித்து நிதானமாக இழுத்தால் ஈரல், குடல், இதயம் எல்லாம் பின்னாலேயே வரும். கடைசியாக ஆசனவாயைச் சுற்றி வட்டமாக வெட்டினால் குடல் அறுபடாமல் மொத்தமும் பிரிந்துவிடும். குடல் அறுந்து கழிவு பட்டால் பட்ட சதையை அப்போதே வெட்டி எடுத்துவிட்டுக் கழுவுங்கள்.

ஈரலைக் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். ஒரே செம்பழுப்பு நிறமாக, விளிம்பு கூராக இருக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, வீக்கம், வயிற்றுக்குள் நீர், கெட்ட நாற்றம் இதில் எது இருந்தாலும் கோழியை மொத்தமாகப் புதைத்துவிடுங்கள். ஆறு மாத உழைப்பு போகிறதே என்று பார்க்கக் கூடாது.

ஈரலோடு ஒட்டிக் கரும்பச்சையாகச் சின்னப் பை இருக்கும், பித்தப்பை. அது உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசப்பு, கழுவினாலும் போகாது. அதனால் பித்தப்பையைத் தனியாகப் பிய்க்கப் பார்க்காமல், அதைச் சுற்றி ஈரலில் ஒரு துண்டையும் சேர்த்தே வெட்டி எறியுங்கள். கல்பையை ஓரமாகக் கீறி விரித்து, உள்ளே இருக்கிற மண்ணையும் கல்லையும் கொட்டிவிட்டு, மஞ்சள் தோலை நகம் கொடுத்து உரித்தால் ஒரே தகடாக வரும். இதயத்தை அழுத்தி உறைந்த ரத்தத்தை எடுங்கள். நுரையீரல் விலா எலும்போடு ஒட்டிப் பஞ்சு மாதிரி இருக்கும், விரல் நுனியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். பெட்டைக்கோழியாக இருந்தால் முதுகெலும்பை ஒட்டி மஞ்சள் கருமுட்டைகள் சின்னதும் பெரியதுமாகக் குலையாக இருக்கும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், குழம்பு இறக்குவதற்கு முன் போட்டால் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். குடலைச் சுத்தம் செய்து சாப்பிடுகிற வீடுகள் உண்டு. முதல் தடவை அதை விட்டுவிடுங்கள்.

முழுக்கோழியாக இருக்கும்போதே உள்ளும் புறமும் கழுவி, அப்புறம்தான் துண்டு போட வேண்டும். துண்டு போட்ட கறியைத் தண்ணீரில் ஊறவைத்தால் ருசி தண்ணீரோடு போய்விடும். தொடை, சிறகு இரண்டும் மூட்டில் பிரியும். முதுகையும் நெஞ்சையும் அருவாமனையில் நறுக்கலாம்.

அடித்த கோழி கொஞ்ச நேரத்திலேயே விறைக்கத் தொடங்கும். விறைத்த சமயத்தில் சமைத்தால் எவ்வளவு வெந்தாலும் நார் நாராகவே இருக்கும். அதனால் சூட்டோடு சூடாக அடுப்பில் ஏற்றுங்கள், நம் வீடுகளில் பழக்கமும் அதுதான். இல்லையென்றால் மூடி போட்ட பாத்திரத்தில் வைத்து ஒரு நாள் பிரிட்ஜில் விட்டு, தளர்ந்த பிறகு சமையுங்கள். நம் வெயிலில் வெளியே வைத்து "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்றால் கறி கெட்டுவிடும். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் அரைத்து நல்லெண்ணெயில் வதக்கிக் கறியைப் போட்டு, முதல் கொதியில் தெளிவாக ஒரு கிண்ணம் சாறு எடுத்துச் சளி பிடித்தவர்களுக்குக் கொடுக்கலாம். மீதி குழம்பு. இளம் சேவல் குக்கர் இல்லாமலே முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும், எலும்போரம் சிவப்பு நிற்கக் கூடாது.

கோழிக் குடலில் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் கிருமிகள் இருக்கும், நோயில்லாத கோழியிலும் இருக்கும். பச்சைக் காய் நறுக்குகிற பலகையில் கோழியை வைக்காதீர்கள். சமையலறைத் தொட்டியிலும் கழுவ வேண்டாம், வெளியே குழாயடியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கத்தி, அருவாமனை, வாளி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிதண்ணீர் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். கைக்கும் சோப்பு, நகக்கண் வரை.

இறகு, குடல், ரத்தம் பிடித்த மண் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி வைத்திருக்க வேண்டும். தென்னைக்கோ முருங்கைக்கோ தூரிலிருந்து மூன்றடி தள்ளி வெட்டினால் நல்லது. இறகில் தழைச்சத்து நிறைய உண்டு, ஆனால் மக்க மாதக்கணக்காகும். மேலே சுண்ணாம்பு தூவி, மண்ணை மிதித்து மூடி, ஒரு பாறாங்கல்லை வைத்துவிடுங்கள், நாய் கிளறாது. கண்மாயிலும் வாய்க்காலிலும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள், அந்தத் தண்ணீரில்தான் ஊரே மாடு குளிப்பாட்டுகிறது. குடலை மற்றக் கோழிக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டாம், நோய் பரவுவது அப்படித்தான். அறுத்த இடத்து மண்ணையும் வெட்டி எடுத்துக் குழியில் போட்டுவிட்டு, அதற்கப்புறம் மற்றக் கோழிகளைத் திறந்துவிடுங்கள்.